மூக்கு குத்த ஆசாரியா, கன் ஷாட்டா, ஊசியா?

கேள்வி கேட்டவர் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். வயது 20, மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறார். மூக்கு குத்த வேண்டும், அது ஒத்துக்கொண்டால் புருவத்திலும் ஒன்று போட வேண்டும் என்று ஆசை. தெற்காவணி மூல வீதியில் தெரிந்த ஆசாரி இருக்கிறார், அவரிடம்தான் என்று அம்மா பிடிவாதம். பார்லரில் கன் ஷாட், அதாவது துப்பாக்கி மாதிரிக் கருவியால் கம்மலைச் சுட்டு ஏற்றுவது, போட்டால் வலியே இருக்காது என்கிறாள் அறைத் தோழி. டாட்டூ கடையில் விசாரித்தால் ஊசிதான் சரி என்கிறார்கள். யாரிடம் போவது, குத்திய பிறகு எதைத் தடவுவது என்று கேட்டிருக்கிறார்.

நான் ஆசாரி வீட்டுப் பெண். அப்பா அதே தெற்காவணி மூல வீதிச் சந்து ஒன்றில் நாற்பது வருடம் பட்டறை வைத்திருந்தவர். அவர் குத்திவிட்ட மூக்குக்கும் காதுக்கும் கணக்குக் கிடையாது. நான் போனது நர்ஸ் வேலைக்கு. பதினெட்டு வருட வேலையில் பாதிக்கு மேல் தோல் மருத்துவரின் அறையில் கழிந்தது. அப்பா குத்தியதையும் பார்த்திருக்கிறேன், எங்கெங்கோ குத்திப் பழுத்துப்போய் வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டும் இருக்கிறேன். அதனால் உங்கள் அம்மா சொல்வதும் எனக்குப் புரிகிறது, டாட்டூ கடைக்காரர் சொல்வதும் புரிகிறது. தோழி சொல்வதுதான் ஒத்துவரவில்லை.

அவசரத்தில் படிப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கண் முன்னால் பாக்கெட் பிரித்த, ஒரு தடவைக்கு மட்டுமான, உள்ளே குழல் உள்ள ஊசி. அதைப் பிடிக்கிற கை யாருடையது என்பது அடுத்த கேள்வி. மூக்குக்குக் கன் ஷாட் வேண்டாம். தடவ எதுவுமே வேண்டாம், உப்புநீர் போதும். மூக்கும் புருவமும் ஒரே நாளில் வேண்டாம்.

கன் ஷாட்டை நான் ஏன் இப்படி வெறுக்கிறேன் என்பதற்கு என் வலது காதே சாட்சி. நர்ஸிங் இரண்டாம் வருடம் படிக்கும்போது காதின் மேல் விளிம்பில், அந்தக் கெட்டியான இடத்தில், ஒரு ஃபேன்சி கடையில் சுட்டுக்கொண்டேன். அப்பாவுக்குத் தெரியாமல். ‘டப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், உண்மையிலேயே பெரிய வலி இல்லை. நான்காம் நாள் காது குழிப்பணியாரம் மாதிரி வீங்கி, தலையணையில் வைக்க முடியாமல், காய்ச்சலும் வந்துவிட்டது. கீறிச் சீழ் எடுத்தார்கள், பத்து நாள் மாத்திரை. வீக்கம் வற்றிய பிறகு பார்த்தால் காது விளிம்பில் ஒரு சொட்டை. இன்றைக்கும் முடியை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். நர்ஸிங் படிக்கிற பெண்ணுக்கே காது குத்திவிட்டார்கள் என்று வகுப்பில் ஒரு வருடம் சிரித்தார்கள்.

நடந்தது இதுதான். கன்னில் இருக்கிற கம்மலின் முனை கூராகத் தெரிந்தாலும் ஊசி அளவுக்குக் கூர் கிடையாது. ஸ்பிரிங் வேகத்தில் சதையை நசுக்கிக்கொண்டு போகிறது. காது மடலின் அடிப்பகுதி வெறும் சதை, ஓரளவு தாங்கிவிடும். காதின் மேல்பகுதியிலும் மூக்கிலும் இருப்பது குருத்தெலும்பு. அதற்கென்று தனி ரத்த ஓட்டம் கிடையாது, மேலே மூடியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் ஊட்டம் போகிறது. நசுங்கி அந்த உறை பிரிந்தாலோ, உள்ளே கிருமி சேர்ந்தாலோ குருத்தெலும்பு செத்துவிடும், செத்தது திரும்ப வளராது. இந்த மாதிரிக் காதுகளில் பெரும்பாலும் பிடிபடுவது சூடோமோனாஸ் என்ற கிருமி. ஈரமும் தண்ணீரும் உள்ள இடத்தில் வாழ்வது, சாதாரண ஆன்டிபயாட்டிக் பலவற்றுக்கு மசியாதது. மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்கிய மாத்திரை எனக்கு வேலை செய்யாமல் போனதற்கு அதுதான் காரணம்.

இன்னொன்று, கன்னின் உடல் பெரும்பாலும் பிளாஸ்டிக். கொதி நீராவியில் வைத்தால் உருகிவிடும் என்பதால் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். மஞ்சள்காமாலை பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில், ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துளி போதும். கூடவே அந்தக் கம்மலின் பின்பக்கப் பூட்டு இறுக்கமாகக் கடித்துக்கொள்ளும், குத்திய இடம் வீங்க இடம் இருக்காது. வீங்கிய மூக்கு திருகாணியையே விழுங்கி மேலே தோல் மூடி வந்த கேஸ்களை எண்ணிச் சொல்ல முடியாத அளவு பார்த்திருக்கிறேன்.

இப்போது அம்மாவின் ஆசாரி. எங்கள் அப்பா குத்துவதைச் சொல்கிறேன், பெரும்பாலான ஆசாரிகள் அப்படித்தான் செய்வார்கள். மெல்லிய தங்கக் கம்பியை இழுத்து, ஒரு முனையை அரத்தால் சீவிக் கூராக்குவார். பெண்ணை வெளிச்சத்துக்கு நேராக உட்காரவைத்து, பேசவிட்டு, சிரிக்கவிட்டு, மூக்கு மடல் எங்கே மடிகிறது என்று பார்த்து மையால் புள்ளி வைப்பார். புள்ளி வைத்த பிறகு கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். அந்தப் புள்ளியில் அவர் தப்பியதே இல்லை. கம்பியை ஏற்றிய கையோடு குறடால் வளைத்துவிடுவார். கம்பியேதான் ஊசி, கம்பியேதான் நகை. யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு ஆளுக்கும் புதுக் கம்பி, அதிலும் சுத்தத் தங்கம். இதில் குறை சொல்ல அதிகம் இல்லை.

குறை சொல்ல வேண்டியது மற்றவற்றில். குறடு எல்லாருக்கும் ஒன்றே. கையுறை கிடையாது. கம்பி முனையை விளக்கில் காட்டி எடுப்பார்கள், அது கரியைத்தான் ஏற்றும். சிலர் கொதிக்கும் நீரில் போட்டு எடுப்பார்கள், 100 டிகிரியில் எல்லாக் கிருமியின் வித்தும் சாகாது. மருத்துவமனையில் ஆட்டோகிளேவில் அழுத்தம் கொடுத்து நீராவியை 121 டிகிரிக்கு ஏற்றி, குறைந்தது கால் மணி நேரம் வைப்பது அதற்காகத்தான். அப்புறம், கம்பி குழல் ஊசி மாதிரி வெட்டிக்கொண்டு போகாது, சதையை விலக்கிக்கொண்டு போகும். ஆறக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும்.

இதைச் சொல்லி அப்பாவோடு நான் போட்ட சண்டையில் அம்மா இரண்டு நாள் இரண்டு பேரோடும் பேசவில்லை. கடைசியில் அவர் கையுறை போட ஆரம்பித்தார். குறடைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்து, “உங்க ஆஸ்பத்திரிச் சட்டியில வேகவச்சுக் கொண்டா” என்பார். உங்கள் ஆசாரி இந்த அளவு இறங்கி வருவார் என்றால் தாராளமாகப் போகலாம். வரமாட்டார் என்றால், எங்கள் வீட்டில் என் மகளுக்குச் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். புள்ளி வைத்தது தாத்தா. குத்தியது தோல் மருத்துவர். ஆறு மாதம் கழித்துத் தாத்தா செய்த மூக்குத்தியைப் போட்டுக்கொண்டாள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

மதுரையில் தோல் மருத்துவர்களும் காது மூக்குத் தொண்டை மருத்துவர்களும் கிளினிக்கில் குத்திவிடுவது உண்டு. மரத்துப்போக ஊசியோ க்ரீமோ கொடுப்பார்கள். க்ரீம் என்றால் ஒரு மணி நேரம் முன்பே பூசி மூடி வைக்க வேண்டும், உடனே வேலை செய்யாது. குளுக்கோஸ் ஏற்றுவதற்குப் போடும் வென்ஃப்ளான் ஊசியைக் கொண்டே பலரும் குத்துவார்கள், இளஞ்சிவப்புத் தலை போட்டது 20 கேஜ், பச்சைத் தலை 18 கேஜ், எண் குறைந்தால் ஊசி தடிமன் கூடும். சுத்தத்தில் கவலை இல்லை. ஆனால் மருத்துவர்களுக்கு அழகுக் கண் கொஞ்சம் கம்மி (என் டாக்டர் இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்). இடத்தை நீங்களே கண்ணாடி பார்த்துப் புள்ளி வைத்துக்கொண்டு போங்கள்.

டாட்டூ கடைக்குப் போவதானால் முதல் நாள் சும்மா பார்த்துவிட்டு வாருங்கள், அன்றைக்கே குத்த வேண்டாம். ஆட்டோகிளேவ் இருக்கிறதா, காட்டுவார்களா என்று கேளுங்கள். கருவிகள் மூடிய உறையில் இருக்க வேண்டும். அந்த உறையிலோ டேப்பிலோ சூடு ஏறினால் நிறம் மாறுகிற கோடு இருக்கும், மாறியிருக்கிறதா பாருங்கள். போட்டுமுடித்த ஊசியை எங்கே போடுகிறார்கள் என்று பாருங்கள். குத்தினால் ஓட்டை விழாத மூடி போட்ட பெட்டியா, மூலையில் கிடக்கிற குப்பைக்கூடையா? கையுறை போட்ட கையோடு ஃபோனை எடுத்துப் பேசிவிட்டு அதே கையோடு உங்கள் மூக்குக்கு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல கடைக்காரர் இத்தனை கேள்விக்கும் கோபப்படமாட்டார், பெருமையாகக் காட்டுவார். கோபப்பட்டால் அதுவே பதில்.

போவதற்கு முன்னால் இரண்டு தடுப்பூசி விஷயம். டி.டி. என்று நாம் சொல்கிற ரண ஜன்னி ஊசி, பள்ளியில் பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட்டிருப்பார்கள். பத்து வருடத்துக்கு ஒரு முறை போட்டால் போதும், அதனால் உங்களுக்குப் பெரும்பாலும் இருக்கும். மஞ்சள்காமாலை பி ஊசி உங்கள் வயதுக்காரர்களில் சிலருக்குக் குழந்தையில் போட்டிருக்கிறார்கள், சிலருக்கு விட்டுப்போயிருக்கிறது. அம்மாவிடம் அட்டை இருந்தால் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் ஆறு மாதத்தில் மூன்று தவணை. மூக்கு குத்தினாலும் குத்தாவிட்டாலும் போட வேண்டிய ஊசிதான் அது.

இதய வால்வில் கோளாறு, சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதயம் பாதிக்கப்பட்டவர்கள், கட்டுப்படாத சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் விழுங்குபவர்கள், கர்ப்பிணிகள் எல்லாரும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் குத்தக் கூடாது. குத்தும் இடத்தில் பரு இருந்தால் அது அடங்கட்டும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். குத்தும்போது மயங்கி விழுந்தவர்கள் பெரும்பாலும் காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள். கண்ணில் தண்ணீர் கொட்டும், அது அழுகை இல்லை, மூக்கைத் தொட்டால் கண் அப்படித்தான் செய்யும்.

வலப்பக்கமா இடப்பக்கமா என்பதற்கு மருத்துவத்தில் பதில் இல்லை. நம் பக்கத்தில் வலது என்பது வழக்கம், வடக்கே இடது. இந்த மதுரையில் 1916இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி இரண்டு பக்கமும் வைரம் போட்டுக்கொண்டு உலகத்தைச் சுற்றி வந்தார். உங்கள் இஷ்டம்.

உலோகத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். புதுப் புண்ணில் கவரிங் போடவே கூடாது. பூச்சு தேய்ந்ததும் உள்ளே இருக்கும் நிக்கல் தோலில் படும், அரிப்பு, சிவப்பு, நீர் வடிதல் எல்லாம் வரும். ஒரு முறை நிக்கல் ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுசுக்கும் போகாது, கைக்கடிகாரப் பட்டை, ஜீன்ஸ் பொத்தான் வரைக்கும் தொல்லை. ‘வெள்ளைத் தங்கம்’ என்பதிலும் நிக்கல் கலந்திருக்கலாம், கேட்டு வாங்குங்கள். வெள்ளி, புண் ஈரத்தில் கறுத்து, தோலில் கறை படியவைக்கும். முதலில் போட மிக நல்லது உடம்புக்குள் வைக்கும் தர டைட்டானியம், டாட்டூ கடையில் ‘இம்ப்ளான்ட் கிரேடு’ என்று கேளுங்கள். ஏ.எஸ்.டி.எம். எஃப்136 என்ற தர எண்ணைச் சொன்னால் விஷயம் தெரிந்த ஆள் என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

தங்கம்தான் வேண்டும் என்றால் போடலாம். 22 கேரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். நம் தோலுக்கு நன்றாகவே ஒத்துவரும், மென்மை என்பதால் கீறல் விழும் என்பது ஒன்றுதான். 18 கேரட்டில் முக்கால் பங்கு தங்கம், கெட்டி அதிகம், ஆனால் மீதிக் கால் பங்கில் என்ன என்று கேட்க வேண்டும். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. மூக்குத்தி அந்த எடைக்கு வராது. அதனால் 916 முத்திரை இல்லையே என்று சண்டை போட முடியாது, கடையை நம்பித்தான் வாங்க வேண்டும். அம்மாவின் ‘தெரிந்த ஆசாரி’ இந்த இடத்தில் பெரிய உதவி. தண்டு கனம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கட்டும், வீக்கத்துக்காக நீளம் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். நாலைந்து வாரத்தில் வீக்கம் வற்றியதும் குத்தியவரிடமே போய்க் குட்டைத் தண்டாக மாற்றிக்கொள்ளலாம். கல் வைத்த திருகு மூக்குத்தியை முதல் நாளே போட வேண்டாம். திருகின் மறையில் அழுக்கு சேரும், மாமியார் முதல் மாமி வரை யாராவது ‘லூசா இருக்கே’ என்று இறுக்கியும் விடுவார்கள்.

சரி, குத்தியாயிற்று. உண்மையான வேலை இனிமேல்தான், அந்த வேலை முக்கால்வாசி சும்மா இருப்பது.

மெடிக்கலில் ‘நார்மல் சலைன்’ என்று கேட்டால் 100 மில்லி பாட்டில் கொடுப்பார்கள். நம் கண்ணீர் அளவு உப்பு, லிட்டருக்கு ஒன்பது கிராம். ஊசி குத்தி எடுக்காமல் சுத்தமாகத் திறந்து, ஒரு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள், மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை கழுவினால் போதும். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காஸ் துணியைச் சலைனில் நனைத்து இரண்டு மூன்று நிமிடம் ஒற்றி வைத்தால் காய்ந்து ஒட்டியிருக்கும் பொருக்கு தானாக ஊறி வரும். பஞ்சு வேண்டாம், இழை சுற்றிக்கொள்ளும். ஊறாததை நகத்தால் பெயர்க்காதீர்கள். பிறகு சுத்தமான காஸால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ நீர் வடிந்து உப்புப் பூத்த மாதிரி காய்வது சீழ் அல்ல, ஆறுகிற புண்ணின் நீர். இரண்டு வேளைக்கு மேல் கழுவுவதும் தொல்லைதான், காய்ந்து வெடிக்கும்.

தினமும் திருகிவிடு, இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். எங்கள் அப்பாவும் சொல்வார். அது தப்பு. துளைக்குள் புதுத் தோல் சுவர் மாதிரி எழும்புகிறது. ஒவ்வொரு திருகலிலும் அதைக் கிழிக்கிறீர்கள். ஆறுவது வெளியிலிருந்து உள்ளே என்பதால் மூன்றாம் வாரம் கண்ணாடியில் பார்த்தால் ஆறிவிட்ட மாதிரி தெரியும். உள்ளே இன்னும் பச்சைப் புண். மூக்கு மடல் முழுதாக ஆற நாலு முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். அதுவரை ஒரு மணி நேரத்துக்குக்கூடக் கழற்றக் கூடாது, அதற்குள் சுருங்கிவிடும்.

அம்மா மஞ்சள் குழைத்து வருவார். அல்லது தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய். மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு என்பது நிஜம்தான், ஆனால் அஞ்சறைப்பெட்டி மஞ்சள்தூள் கிருமி இல்லாத பொருள் அல்ல. அந்தத் துகள் துளைக்குள் போனால் வெளியே வராது. எண்ணெய் அழுக்கைப் பிடித்து வைத்து, காற்று படாமல் செய்யும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் கிருமியோடு புதுத் தோலையும் கொல்லும். இதையெல்லாம்விட எனக்குப் பயம், மெடிக்கலில் ‘புண்ணுக்கு ஒரு ட்யூப்’ என்று கேட்டால் கிடைக்கிற, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த க்ரீம். இரண்டு நாளில் சிவப்பு மறைந்து மந்திரம் போல இருக்கும், அப்புறம் தோல் மெலிந்து, ஆறவேண்டியது ஆறாமல் நிற்கும்.

வேப்பங்குச்சி, ஈர்க்குச்சி செருகும் வழக்கத்தை மட்டும் நான் கேலி செய்வதில்லை. துளை மூடாமல் இருக்க, நிக்கல் இல்லாத, எடை இல்லாத ஒரு பொருளை வைக்க வேண்டும் என்று கிராமத்துக் கிழவிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். யோசனை சரி. குச்சியில் பூஞ்சையும் சிலாம்பும் இருக்கும் என்பதால் இப்போது வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கென்று சில சொல்ல வேண்டும். குளிக்கலாம், தலைக்கும் ஊற்றலாம். கிணறு, கண்மாய், நீச்சல்குளம் மூன்றும் ஆறும்வரை வேண்டாம். சித்திரைத் திருவிழா நேரத்தில் குத்தாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். அழகர் வரும்போது தோல் பையிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீர் எந்தத் தொட்டியில் பிடித்ததோ, அது முகத்தில்தான் அடிக்கும். கூட்டத்தில் முழங்கையும் அடிக்கும். அதை அடுத்து அக்கினி நட்சத்திரம், வியர்வை. மழைக்காலம் முடிந்து மார்கழி, தை நல்ல நேரம். சளி பிடித்தால் மெதுவாகச் சிந்துங்கள், அந்தப் பக்கத்தை அழுத்தாமல். முகத்தைப் பூத்துவாலையால் துடைக்காதீர்கள், நூல் மாட்டி இழுக்கும். துப்பட்டாவும் ஹெல்மெட்டும் அப்படித்தான். தலையணை உறையை இரண்டு நாளுக்கு ஒரு தடவை மாற்றுங்கள். பவுடர், ஃபேஸ் க்ரீம் அந்த இடத்தைச் சுற்றி ஒரு விரல் தள்ளி நிற்கட்டும்.

இரண்டாம் மாதம் வாக்கில் ஒரு பதற்றம் வரும். துளை ஓரத்தில் சிவப்பாக, ஈரமாக, மிளகு அளவு ஒரு சதை. ‘கீலாய்டு’ என்று கூகுள் சொல்லியது என்று அழுதுகொண்டே வருவார்கள். பெரும்பாலும் கீலாய்டு இல்லை. அடிக்கடி தொட்டதாலும் இழுபட்டதாலும் உலோகம் ஒத்துக்கொள்ளாததாலும் புண் கோபித்துக்கொண்டு வளர்க்கும் சதை அது, தொட்டால் ரத்தம் வரும். காரணத்தை நீக்கினாலே பலருக்கு வற்றிவிடும், வற்றாவிட்டால் மருத்துவர் எடுத்துவிடுவார். கீலாய்டு என்பது வேறு. மாதங்கள் கழித்து, கெட்டியாக, அரிப்போடு, துளையின் எல்லையைத் தாண்டி வளரும். மூக்கைவிடக் காது மடலில்தான் அதிகம். உங்களுக்கோ அம்மா அப்பாவுக்கோ தடுப்பூசித் தழும்பு, அறுவைத் தழும்பு தடித்து வளர்ந்த சரித்திரம் இருந்தால் குத்தும் யோசனையையே மறுபடி யோசியுங்கள். எரிக்கிறேன், நூல் கட்டுகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள், வெட்டினால் முன்னைவிடப் பெரிதாக வரக்கூடிய ஜாதி அது.

இனி, தள்ளிப்போடக் கூடாத விஷயம். சிவப்பு நாளுக்கு நாள் பரவுகிறது, தொட்டால் சுடுகிறது, விண்விண் என்று தெறிக்கிறது, பச்சையாகச் சீழ், காய்ச்சல். இது கிருமித் தொற்று. மூக்குத்தியை நீங்களாகக் கழற்றாதீர்கள், துளை மூடிச் சீழ் உள்ளே தங்கிவிடும். பிதுக்கவும் கூடாது. இரண்டு கண்ணுக்கும் நடுவே மூக்கு தொடங்கும் இடத்திலிருந்து வாயின் இரண்டு ஓரம் வரை ஒரு முக்கோணம் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியின் ரத்தக்குழாய்கள் கண் வழியாக மூளைக்கு அடியில் இருக்கும் குழாய்களோடு தொடர்புள்ளவை. அபூர்வம்தான், ஆனால் இங்கே பிதுக்கிய சீழ் அங்கே போய் ரத்தத்தை உறையவைத்திருக்கிறது. கண் இமை வீங்குகிறது, தலை பிளக்கிறது, பார்வை இரண்டாகத் தெரிகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மற்றபடி சாதாரணத் தொற்றுக்குக் காலையில் ஓ.பி. சீட்டு வாங்கித் தோல் பிரிவில் காட்டினால் போதும்.

புருவத்துக்கு வருகிறேன். மூக்கு நன்றாக ஆறிய பிறகு பாருங்கள், உங்கள் உடம்பு எப்படி ஆறுகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். புருவத்தில் குத்துவது தோலை மடித்து அதன் வழியாகக் கம்பியை விடுவது. மூக்கு மாதிரி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருவதில்லை. அதனால் உடம்பு அதை முள்ளாக நினைத்து மெல்ல மெல்ல வெளியே தள்ளப் பார்க்கும். வளையம் வேண்டாம், 1.2 மில்லிமீட்டர் கனத்தில் வளைந்த கம்பி நல்லது. புருவத்தின் வெளி மூன்றில் ஒரு பங்கில்தான் குத்த வேண்டும். உள்பக்கம் நெற்றிக்குப் போகும் நரம்பு எலும்புக்கு மேல் வந்து ஏறுகிறது. மேலே இருக்கும் தோல் மெலிந்து கம்பி நிழலாகத் தெரிய ஆரம்பித்தால் தாமதிக்காமல் கழற்றச் சொல்லுங்கள், தானாக அறுத்துக்கொண்டு வந்தால் புருவத்தில் தழும்பு நிரந்தரம். ஆறும்வரை பார்லரில் நூல் போட்டுப் புருவம் திருத்த முடியாது, இது பலருக்குப் பெரிய தியாகமாகத் தெரிகிறது.

உதடு குத்த வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. உள்பக்கத் தட்டு ஈறைத் தேய்த்து இறக்கிவிடும், பல்லில் இடித்து இடித்துக் கீறல் விழும், போன ஈறும் பல்லும் திரும்ப வராது. நடு மூக்கில் புல்லாக்கு கேட்பவர்கள் இப்போது அதிகம். சரியான ஆள் குத்தினால் குருத்தெலும்புக்கு முன்னால் இருக்கும் மெல்லிய தோலில் போகும், வலியும் குறைவு, மூக்கு மடலைவிடச் சீக்கிரம் ஆறும். கொஞ்சம் தள்ளிக் குருத்தெலும்பில் போனால் உள்ளே ரத்தம் கட்டி நடுச்சுவரே கெட்டுவிடும். லாடம் மாதிரி வளையத்தை ஊருக்குப் போகும்போது மேலே மடித்து ஒளித்துக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய வசதி.

கடைசியாகத் தேதி. நீங்கள் கல்லூரியில் இருப்பதால் நீட் கவலை இல்லை, ஆனால் படிக்கிற தங்கைகளுக்குச் சொல்லி வையுங்கள். பெரும்பாலும் மே முதல் வாரத்தில் வரும் அந்தத் தேர்வுக்குள் மூக்குத்தியோடு விடமாட்டார்கள், மார்ச்சில் குத்தியவள் வாசலில் கழற்றினால் மூன்று மணி நேரத் தேர்வு முடிந்து வரும்போது துளை சுருங்கியிருக்கும். அறுவை சிகிச்சை, எம்.ஆர்.ஐ. இருந்தாலும் இப்படித்தான். ரத்ததானம் செய்பவர் என்றால் முகாமில் குத்திய தேதியை மறைக்காமல் சொல்லுங்கள், கொஞ்ச காலம் தள்ளிப் போடச் சொல்வார்கள்.

ஆறு மாதம் ஆயிற்று, வலி இல்லை, பொருக்கு இல்லை, தானாக வழுக்கிக்கொண்டு ஆடுகிறது என்றால் கல் மூக்குத்தி போடலாம். முதல் தடவை ஆசாரியிடமோ குத்தியவரிடமோ போய் மாற்றுங்கள். திருகாணி விரல் நுனி இறுக்கம் போதும், அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம். மறை தேய்ந்த திருகாணியைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். தூக்கத்தில் கழன்று மூச்சோடு உள்ளே போய், நுரையீரலிலிருந்து குழாய் விட்டு எடுத்த கேஸ்கள் நம் நாட்டில் பதிவாகியிருக்கின்றன. வீட்டில் நீங்களே மாற்றும்போது வாஷ்பேசினுக்கு மேல் நிற்காமல் கட்டிலில் வெள்ளைத் துண்டு விரித்து உட்காருங்கள். திருகாணி கீழே விழாமல் யாரும் மாற்றி நான் பார்த்ததில்லை.